நாலு தோட்டா பாக்கி

சாருலதாவுக்கு யார்மேலாவது சந்தேகம் வந்துவிட்டால் அதை வயிற்றுக்குள் வைத்திருக்கத் தெரியாது. மாநில அணிக்கான கடைசித் தேர்வுப் போட்டி தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது, துப்பாக்கி சுடும் மைதானத்தில் பதினைந்து பேர் காதில் விழும்படி அவள் சொன்னாள்.

"யூசுப் பாய், இனிமே என் பிஸ்டலை நீங்க தொடக்கூடாது. நல்ல ஸ்பிரிங்கை எடுத்துட்டு ஏதோ செத்த ஸ்பிரிங்கை மாட்டி வச்சிருக்கீங்க."

தமிழ் தெரியாதவர்கள் விட்டுப்போய்விடக் கூடாதே என்று இந்தியிலும் ஒருமுறை சொன்னாள்.

முகமது யூசுப் அந்த மைதானத்தை நடத்தும் கிளப்பின் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷமாக அங்கே துப்பாக்கிகளைப் பிரித்துச் சேர்ப்பவர். திருமுல்கேரி பட்டாளத்துத் தமிழர்களோடு பழகிப் பழகித் தமிழும் பேசுவார்.

"ஹவ், ஆமாம்மா, ஸ்பிரிங் மாத்தினேன். புதுசுதான் போட்டேன். பத்து நிமிசம் குடுங்கம்மா, போல்ட்டைக் கழட்டிப் பாத்துடறேன்."

"நக்கோ, வேணாம்" என்றாள் சாருலதா. கையோடு எழுதி வந்திருந்த புகார்க் கடிதத்தை ரஞ்சனிடம் கொடுத்தாள். ரஞ்சன் ஓய்வுபெற்ற ராணுவ கேப்டன், கிளப்பின் செயலாளர். ஆள் பஞ்சத்தில் அன்றைய தலைமை நடுவரும் அவரே. கடிதத்தைப் படித்துவிட்டு, "போட்டி முடியட்டும். வேலை சரியில்லேன்னு தெரிஞ்சா, மெக்கானிக் ரூம் சாவியை இன்னிக்கே வாங்கிடறேன்" என்றார். அது யூசுப் காதிலும் விழுந்தது. அவர் தன் அறை வாசலில் போய் நின்றுகொண்டார்.

சாருலதா ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு பழி போடவில்லை. அவள் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்து கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பவள். எங்கே எது கெட்டாலும் காரணத்தைத் தோண்டி எடுத்து, அதற்கு ஓர் ஆளையும் கண்டுபிடித்து எழுதுவதுதான் அவளுக்குச் சம்பளம். முந்தின நாள் சாயங்காலப் பயிற்சியில் ஐம்பது தோட்டாவில் நாலு வெடிக்கவில்லை. அவளிடம் இருப்பது எடை குறைந்த சின்ன பிஸ்டல். அதில் போடும் தோட்டாவுக்கு வெடிமருந்து விளிம்பில் இருக்கும். போல்ட் என்கிற அடைப்புக்குள் இருக்கும் ஃபயரிங் பின் என்ற சின்ன ஊசி அந்த விளிம்பில் ஓங்கி அடித்தால்தான் வெடிக்கும். முதலில் தோட்டாப் பெட்டியை மாற்றிப் பார்த்தாள். வேறு பெட்டியிலும் அதே கதை. வெடிக்காத தோட்டாவைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு இன்னொரு முறை சுட்டாள், வெடித்தது. ஆகவே தோட்டாவில் குற்றமில்லை. வெடிக்காத தோட்டாவின் விளிம்பில் பள்ளம் மேலோட்டமாக இருந்தது. ஆகவே ஊசி சோம்பலாக அடிக்கிறது. ஊசியைத் தள்ளுவது ஸ்பிரிங். ஸ்பிரிங்கை மூன்று வாரம் முன்னால் மாற்றியவர் யூசுப். தீர்ந்தது கணக்கு.

அந்தக் கணக்கில் எல்லாப் படியும் சரி, கடைசிப் படியைத் தவிர. துப்பாக்கியில் யார் யார் கை பட்டது என்று பட்டியல் போட்டவள், தன் கையைப் பட்டியலில் சேர்க்கவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்!

போட்டி ஒன்பது மணிக்குத் தொடங்கியது. வேறு பிஸ்டல் இல்லாததால் சாருலதா அதோடுதான் இறங்கினாள். மொத்தம் அறுபது தோட்டா. பெண்கள் அணியில் ஒரே ஓர் இடம்தான் காலி. மூன்று வருஷமாக அந்த இடம் ஒன்றிரண்டு புள்ளியில் அவள் கையை விட்டு நழுவிக்கொண்டே இருந்தது. இந்த முறையும் போனால் இனி விடிகாலைப் பயிற்சிக்கு லீவு தர முடியாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அவளுக்கும் முப்பத்தைந்தாகிவிட்டது. இதுதான் கடைசி என்று அவளே தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் வெடிக்குமோ வெடிக்காதோ என்றிருந்தது. வெடித்தால் அப்பாடா என்றிருக்கும், அடுத்ததற்கு மறுபடியும் பயம். பத்து, இருபது, நாற்பது என்று தோட்டாக்கள் ஒழுங்காகப் போயின. பக்கத்துத் தடத்தில் சுட்ட ஹம்ஸினி முன்னாலேயே முடித்துவிட்டு ஐந்நூற்று அறுபதோடு உட்கார்ந்திருந்தாள். சாருலதா கடைசிச் சுற்றுக்கு வந்தபோது ஐந்நூற்றுப் பத்தொன்பது. மீதி ஐந்து தோட்டா.

முதல் தோட்டா நடுப்புள்ளியில் பத்து. இன்னும் நாலு தோட்டாவில் முப்பத்திரண்டு எடுத்தால் போதும். அவள் தூக்கக் கலக்கத்தில் சுட்டாலே எடுத்துவிடுவாள். கை உயர்ந்தது. விசையை இழுத்தாள்.

டிக்.

அவ்வளவுதான். தோட்டா வெடிக்கவில்லை. துப்பாக்கியை இலக்குப் பக்கமே பிடித்தபடி இடது கையை உயர்த்தினாள்.

விதி இதில் கறார். பழுது சுடுபவரின் குற்றமில்லை என்றால், மீதித் தோட்டாக்களைச் சுட விடுவார்கள். சுடுபவரின் அஜாக்கிரதை என்றால் மீதி நாலும் பூஜ்யம். ரஞ்சன் வந்து பிஸ்டலைப் பின்னாலிருந்த மேஜைக்குக் கொண்டுபோய், தோட்டாவை எடுத்துவிட்டு, யூசுப்பைக் கூப்பிட்டார். திறந்து பார்க்க உரிமமுள்ள மெக்கானிக் அங்கே அவர் ஒருவர்தான். பார்வையாளர்களுக்குக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் சாருலதாவின் கணவன் உமாசங்கர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்தபடி வந்து நின்றான்.

யூசுப் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்து, போல்ட்டைக் கழற்றினார். ஸ்பிரிங்கை எடுத்து ரஞ்சன் உள்ளங்கையில் வைத்தார். "அழுத்திப் பாருங்க சார். புதுசு." பிறகு ஃபயரிங் பின்னை இழுத்தார். அது வர மறுத்தது. மெல்லத் தட்டியதும் வந்தது. கூடவே மஞ்சளாகத் தூளும் ஒரு சின்னக் கட்டியும் காகிதத்தில் விழுந்தன.

"பழைய கிரீஸ்" என்றார் ரஞ்சன், முகம் சுளித்து. "உள்ளே துடைக்காமலே ஸ்பிரிங்கை மாட்டியிருக்கே யூசுப்."

யூசுப் அந்தக் கட்டியை நகத்தால் நசுக்கி மோந்து பார்த்தார். "கிரீஸ் இல்ல சார். சந்தனம்."

"துப்பாக்கிக்குள்ளே சந்தனமா? தப்பிக்கிறதுக்கு வேற கதை கிடைக்கலையா உனக்கு?"

மோந்து பார்க்க வேண்டிய அவசியமே சாருலதாவுக்கு இல்லை. இரண்டு வாரம் முன்னால் ஆயுத பூஜை. உமாசங்கர் வேலை பார்க்கும் ராணுவத் தளவாட ஆய்வுக்கூடத்தில் கடைசல் மெஷினுக்கு மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, ஊரையே கூட்டுவார்கள். வீட்டிலும் அதே வழக்கம்தான். சாமி படத்துக்கு முன்னால் அவனுடைய அளவுகோல், கார்ச் சாவி, அரிவாள்மணை, அவற்றுக்கு நடுவே அவளுடைய பிஸ்டல். பன்னீரில் குழைத்த சந்தனத்தை மோதிர விரலால் எடுத்து அவளேதான் வைத்தாள். போட்டி வருகிறதே என்று பிஸ்டலுக்கு மட்டும் தாராளமாக, போல்ட்டின் பின்பக்கம் பார்த்து வைத்தாள். மறுநாள் காலை வெளியே துடைத்து எண்ணெய் போட்டாள். ஊசித் துளை வழியாக உள்ளே இறங்கியதை அவள் பார்க்கவில்லை. பக்தியோடு வைத்தது பக்தியோடு காய்ந்து கெட்டியாகிவிட்டது.

"மேடம், நீங்களே சொல்லுங்க" என்றார் ரஞ்சன், பேனாவைத் திறந்தபடி. "உங்க வீட்டுல சந்தனம் கிந்தனம் ஏதாவது வச்சீங்களா? இல்லேன்னா இது மெக்கானிக் தப்புன்னு எழுதிடறேன். நாலு தோட்டாவையும் நீங்க சுடலாம்."

"அதெல்லாம் நாங்க வைக்கிறதில்ல சார்" என்றது கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல். உமாசங்கர்தான்.

"நான் அவங்களைக் கேட்டேன்" என்றார் ரஞ்சன்.

உமாசங்கர் குரலைத் தாழ்த்தினான். "சாரு, பேசாம இரி. மூணு வருசம்ட்டி. அப்புறமா யூசுப்புக்கு நாம ஏதாவது செஞ்சுக்கிடலாம்."

அவன் சொன்னது அவளுக்கு இனிக்கத்தான் செய்தது. இல்லை என்று தலையை ஒருமுறை ஆட்டினால் போதும், வாயைக்கூடத் திறக்க வேண்டாம். நாலு தோட்டா, முப்பத்திரண்டு புள்ளி, மாநிலத்தின் பெயர் போட்ட சட்டை. யூசுப் அவளைப் பார்க்கவில்லை, கெஞ்சவும் இல்லை. சட்டைப் பையிலிருந்து தன் அறைச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, பின்னைத் துணியால் துடைக்கத் தொடங்கினார். அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக வந்தது.

"வச்சேன் சார்" என்றாள். "ஆயுத பூஜைக்கு. நான்தான் வச்சேன். என் கையாலதான்."

ரஞ்சன் எழுதப் போன பேனாவைத் தூக்கிக்கொண்டார். "யோசிச்சுச் சொல்றீங்களா? எழுதிட்டா மாத்த முடியாது."

"எழுதுங்க."

எழுதினார். நாலு பூஜ்யம். ஹம்ஸினியின் அம்மா தூரத்தில் கைதட்டுவது கேட்டது. உமாசங்கர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் கார் பக்கம் நடந்தான்.

சாருலதா புகார்க் கடிதத்தைத் திரும்ப வாங்கி நாலாகக் கிழித்தாள். "மன்னிச்சிருங்க பாய்" என்றாள்.

யூசுப் போல்ட்டைப் பொருத்திக்கொண்டே கேட்டார்: "காலைல எத்தனை பேர் முன்னாடி சொன்னீங்கம்மா?"

அவளுக்குச் சுருக்கென்றது. இங்கே மூன்று பேர்தான் நிற்கிறார்கள். அங்கே நிழலில் பதினைந்து பேரும் டீக் கோப்பையோடு உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு பூஜ்யம் வாங்கியதுகூட அவளுக்கு இவ்வளவு கஷ்டமாக இல்லை. இருந்தாலும் போனாள். ஹம்ஸினி எழுந்து நின்று கை கொடுக்க வந்தாள். சாருலதா அதை வாங்காமல், முதலில் தமிழிலும் பிறகு இந்தியிலும், காலையில் பேசிய அதே சத்தத்தில் சொன்னாள்.

"யூசுப் பாய் போட்ட ஸ்பிரிங் புதுசு. அவர் வேலையில ஒரு தப்பும் இல்ல. பிஸ்டலைக் கெடுத்தது நான். காலைல நான் சொன்னது அபாண்டம்."

அவள் மேஜைக்குத் திரும்பி வந்தாள். யூசுப் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். ரஞ்சனிடம் அனுமதி வாங்கி, காலியான தடத்தில் ஐந்து தோட்டாக்களை எடுத்து வைத்தார்.

"சுட்டுப் பாருங்கம்மா. சரி பண்ணிக் குடுத்தா, சுட்டுப் பாக்காம நான் அனுப்பறதில்ல."

சுட்டாள். ஐந்தும் வெடித்தன, ஒன்றுகூட ஒன்பதாம் வளையத்துக்கு வெளியே போகவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.