அறுபது பவுண்டு இல்லாதவர்கள்

மக்காச்சோளம் ஊன்ற வேண்டிய நாளில் ஊர்க்கூட்டம் வைத்தவனை என்ன சொல்வது? ஹார்ட்வெல் ஊர் ஆண்கள் அறுபத்திரண்டு பேர் காலையிலிருந்து சபைக்கூடத்தில் அடைந்து கிடந்தார்கள். வெளியே மே மாத வெயில் மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அவிழ்த்து விடாத எருதுகள் வண்டிக் கொட்டகையில் காலை உதைத்தன. உள்ளே பாதிரியார், பாஸ்டனிலிருந்து வந்த புது அரசியல் சாசனத்தை வரிவரியாக வாசித்துக்கொண்டிருந்தார். இங்கிலாந்து ராஜாவின் ஆட்கள் மாசசூசெட்ஸை விட்டுப் போய் நாலு வருஷம் ஆகிவிட்டது; தெற்கே இன்னும் சண்டை ஓயவில்லை. அதற்குள் நமக்கென்று ஒரு அரசாங்கம் வேண்டுமாம். ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு பிரிவுக்கும் ஓட்டுப் போட்டுச் சொல்ல வேண்டுமாம்.

ஒரு பிரிவு முடிந்ததும் கூட்டத் தலைவர் நாகூம் ஸ்டோ, "சம்மதமா?" என்பார். கைகள் உயரும். கண்ணால் ஒரு சுற்று மேய்ந்துவிட்டு, "நிறைவேறியது" என்பார். அடுத்தது.

சாதோக் பின்ச்சுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அறுபத்தொரு வயதில் அதற்காக அவர் வெட்கப்பட்டதும் இல்லை. படித்தவன் எங்கே வேகமாக ஓடுகிறானோ அங்கேதான் குழி இருக்கும் என்பது அவர் கணிப்பு. பாதிரியார் ஓர் இடத்தில் ஓடினார்.

"அந்த இடத்த மறுபடி வாசிங்க," என்றார் சாதோக்.

"எந்த இடம் பெரியவரே?"

"நீங்க மூச்சு விடாம தாண்டுன இடம்."

பாதிரியார் மறுபடி வாசித்தார். வருஷம் மூன்று பவுண்டு வரும்படி தரும் நிலம், அல்லது மொத்தம் அறுபது பவுண்டு பெறுமான சொத்து. இவை உள்ளவனுக்கே இனி ஓட்டு.

"ராஜா காலத்துல எவ்வளவு கேட்டாங்க?"

"நாப்பது," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"நாப்பது கேட்டவன துரத்திட்டு, அறுபது கேக்குறவன உக்கார வைக்கிறோம். நல்லாத்தான் இருக்கு."

சிலர் சிரித்தார்கள். நாகூம் ஸ்டோ சிரிக்கவில்லை. "இன்னிக்கு இந்தக் கூட்டத்துல சொத்து இருக்கறவன், இல்லாதவன் எல்லாருக்கும் ஓட்டுக் குடுத்திருக்கு சாதோக். அப்படி எந்த ராஜா குடுத்தான்?"

"இன்னிக்கு ஒரு நாள் கையத் தூக்கச் சொல்லி, நாளையிலேர்ந்து அந்தக் கைக்கு வேலை இல்லைங்கறீங்க. அதானே?"

தலைவர் மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டத்தை ஒத்திவைத்தார். வந்ததும் அந்தப் பிரிவுக்கு ஓட்டு என்றார்.

சாதோக் ரொட்டியைப் பிரிக்கவே இல்லை. ஒரு வழி இருந்தது. கையுயர்த்தி எடுத்த ஓட்டு சந்தேகம் என்று ஏழு பேர் எழுந்து நின்றால், தலைவர் ஊரையே இரண்டு பக்கமாகப் பிரித்து நிறுத்தித் தலை எண்ணியாக வேண்டும். அது பழைய வழக்கம். அறுபது தேறாதவர்கள் அந்தக் கூட்டத்தில் எப்படியும் இருபது பேர் இருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். தன்னோடு சேர்த்து ஏழு பேர்தானே வேண்டும்?

செருப்புத் தைக்கும் இத்தாமார் கொட்டகை நிழலில் ஆப்பிள் கள் குடித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, ஓட்டு எடுத்ததும் நான் சந்தேகம் சொல்லுவேன். நீயும் எந்திரி."

"நான் எதுக்கு அண்ணே?"

"உனக்கு ஓட்டுப் போயிரும்டா."

இத்தாமார் குவளையைக் கீழே வைத்தான். அக்கம்பக்கம் பார்த்தான். "எனக்கென்ன குறைச்சல்? தோலு, கருவி, வீடு, பசு எல்லாம் சேத்தா எழுபது தேறும்."

"உன் பசு எந்திரிச்சு நிக்கவே ரெண்டு ஆள் தூக்கணும்."

"வேற யாரையாவது பாருங்க அண்ணே."

வேறு யாரைப் பார்த்தாலும் அதே பேச்சு. சோப்புக்கு மரச்சாம்பல் காய்ச்சுகிறவனுக்கு அறுபத்தைந்து பவுண்டு இருந்தது. கூலிக்கு ஏர் ஓட்டும் அண்ணன் தம்பிக்கு மாமனார் ஏதோ எழுதி வைக்கப்போகிறாராம். நெசவுக்காரன் காது கேட்காததுபோல நகர்ந்துவிட்டான். ஒரே மதியத்தில் ஹார்ட்வெல் ஊரில் ஏழை என்று ஒருவனும் இல்லாமல் போனான். எழுந்து நின்றால், என்னிடம் அறுபது இல்லை என்று ஊர் முன்னால் சொன்னதுபோல. துப்பாக்கிக் குண்டுக்கு முன்னால் நின்ற பயல்களுக்கு இதற்கு முன்னால் நிற்கத் தெம்பில்லை.

சாதோக் அவர்களை மனசுக்குள் திட்டிக்கொண்டே நடந்தார். திட்டத் திட்ட ஒன்று உள்ளே குத்தியது. போன டிசம்பரில், பன்றி அடித்த வாரத்தில், அவர் தொண்ணூறு ஏக்கரையும் மகன் மேதாத் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். பதிலுக்குச் சாகும்வரை பாதி வீடு, ஒரு பசு, வருஷத்துக்கு விறகு. இது ஊருக்குத் தெரியாது. பெரிய குடியானவன் என்ற பேரோடுதான் இன்னும், சொத்துப்படி ஒதுக்கிய மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அடுத்தவனை அம்மணமாக்கப் போனவர், தன் சட்டையைக் கழற்றவில்லை.

கூட்டம் மறுபடி கூடியது. எல்லோருக்கும் வயல் நினைப்பு. சம்மதமா என்று தலைவர் கேட்டு முடிக்குமுன் கைகள் உயர்ந்தன.

"நிறைவேறி..."

"சந்தேகம்," என்று எழுந்தார் சாதோக்.

"ஏழு பேர் வேணும். தெரியும்ல?"

"தெரியும்."

யாரும் அசையவில்லை. பெஞ்சுகளின் ஓரத்துச் சின்னக் கதவுகள் காற்றில் முனகின. நாகூம் ஸ்டோ மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "தொண்ணூறு ஏக்கர் வச்சிருக்கற உமக்கு இதுல என்ன வருத்தம்? வெதைக்கப் போக விடும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேதாத் அவர் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தான். "அப்பா, வேணாம்."

"எனக்கு ஒரு சால் நிலம் கூட இல்ல," என்றார் சாதோக். குரல் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "எல்லாம் பையன் பேர்ல இருக்கு. ஒரு பசு இருக்கு. அதுவும் அவன் குடுத்தது. கியூபெக் சண்டைக்குப் போயி ரெண்டு கால்விரல விட்டுட்டு வந்தேன். அது எத்தன பவுண்டுன்னு பாஸ்டன்ல கேட்டுச் சொல்லுங்க."

முதலில் சபைக்கூடத்தின் மேல்மாடத்தில் ஒரு ஊன்றுகோல் தட்டியது. சரடோகா சண்டையில் கால் போனவன் எழுந்தான். பிறகு கூலி ஏர் ஓட்டும் அண்ணன். அண்ணனைப் பார்த்துத் தம்பி. சாம்பல் காய்ச்சுகிறவன், யார்மேலோ கோபம் போல விறைத்துக்கொண்டு நின்றான். நெசவுக்காரனுக்குக் காது கேட்டிருந்தது. சாதோக்கோடு சேர்த்து ஆறு. இத்தாமார் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தான், சரிசெய்துகொண்டே இருந்தான். கடைசியில் எழுந்தது, யாருமே பேர் சொல்லிக் கூப்பிடாத ஒரு கிழட்டு வேலியடைப்புக்காரன்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. பிரசங்க மேடைக்கு இடது பக்கம் சாசனத்துக்கு, வலது பக்கம் எதிர்ப்புக்கு. கூட்டத்தோடு கூட்டமாக நடப்பதில் வெட்கம் இல்லைபோல. இத்தாமாரும் இன்னும் பலரும் சாதோக் பக்கம் வந்து சேர்ந்தார்கள். மேதாத் எழுந்து, அப்பாவைப் பார்க்காமல், இடது பக்கம் போய் நின்றான்.

எதிர்ப்புக்கு முப்பத்துமூன்று, சாசனத்துக்கு இருபத்தொன்பது. அறுபது பவுண்டு பிரிவை ஹார்ட்வெல் ஒப்புக்கொள்ளவில்லை என்று எழுத்தர் எழுதினார். சாதோக் அவரை இரண்டு தடவை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் வெளியே வந்தார்.

வண்டி பாதி வழி வந்துவிட்டது.

"ஊர் முன்னாடி அத ஏன் சொன்னீங்க?" என்றான் மேதாத். "நான் உங்ககிட்டேர்ந்து பிடுங்கிட்டேன்னு பேசுவாங்க."

"நீ ஏன் அந்தப் பக்கம் போன?"

"நிலம் இல்லாதவன், ஒரு குடம் கள்ளு வாங்கிக் குடுத்தவனுக்குக் கையத் தூக்குவான். நாம இம்புட்டு ரத்தம் சிந்துனது அதுக்கா? அதத்தான் நெனச்சேன். உங்கள நெனச்சுப் போகல."

"என்னையும் நெனச்சிருக்கலாம்."

மேதாத் எருதை அடித்தான். அதற்கு அடி தேவையே இல்லை. அது வீட்டைப் பார்த்துத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஜூன் முடிவதற்குள் செய்தி வந்தது. சாசனம் முழுசாக நிறைவேறிவிட்டதாம், அறுபது பவுண்டு உட்பட. ஹார்ட்வெல் எழுதி அனுப்பியதை அங்கே யார் வாசித்தார்கள், எந்தப் பக்கம் சேர்த்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தக் கோடை முழுக்க சாதோக் ஓரிடத்தில் உட்காரவில்லை. சீராக இருந்த வேலியைப் பிரித்து மறுபடி அடைத்தார்.

செப்டம்பரில் முதல் தேர்தல். புது அரசாங்கத்துக்கு முதல் ஆளுநர். சபைக்கூட வாசலில் ஊர்க் காவலர் யாபேஸ் ஒரு தாளோடு நின்றான்.

"மன்னிச்சுக்கங்க பெரியவரே. உங்க பேர் இல்ல."

"தெரியும். வேற யார் யார் பேர் இல்ல?"

யாபேஸ் தயங்கித் தயங்கிச் சொன்னான். அவரையும் சேர்த்து ஏழு பேர். மே மாதம் எழுந்து நின்ற அந்த ஏழு பேர், ஒருத்தர் கூடுதல் இல்லை, குறைவு இல்லை. மற்றவர்கள் சொத்தை எவனும் போய்ப் பார்க்கவில்லை. உட்கார்ந்திருந்தவன் எல்லாம் சீமான் ஆகிவிட்டான். வாயைத் திறந்தவன் மட்டும் தன் பேரைத் தானே அடித்துக்கொண்டிருந்தான்.

சாதோக் திட்டுவதற்கு ஆள் தேடினார். அந்நேரம் இத்தாமார் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டுக்கொண்டு, ஓட்டுச் சீட்டை உள்ளங்கையில் மடித்து வைத்தபடி படியேறி வந்தான். பெரியவரைக் கண்டதும் நின்றுவிட்டான்.

யாபேஸ் தாளைப் பார்த்தான். "இவன் விஷயத்துலதான் தலைவருக்கு ஒரு சந்தேகம். உங்களுக்குத் தெரியாம இருக்காது. இவனுக்கு அறுபது இருக்கா?"

இத்தாமார் ஓட்டுச் சீட்டை இன்னும் ஒரு மடிப்பு மடித்தான்.

"இருக்கு," என்றார் சாதோக்.

"நெசமாவா?"

"நானே பாத்தேன். எழுபதுக்கு மேல தேறும். உள்ள விடு."

இத்தாமார் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "போடா," என்றார் சாதோக். "எவனுக்குப் போடணும்னு யோசிச்சுப் போடு. கள்ளு வாங்கிக் குடுத்தவனுக்குப் போட்டுத் தொலைக்காத."

அவன் உள்ளே போனான். மற்றவர்களும் போனார்கள். மேதாத் போகும்போது ஒரு நிமிஷம் நின்று, பிறகு போனான். சாதோக் நிலைப்படியில் ஏறி நின்றார். உள்ளே ஓரடி வைக்கவில்லை, வெளியேயும் இறங்கவில்லை. பாதிரியார் ஜெபத்தை ஆரம்பித்தார்.

"காத்து அடிக்குது," என்றார் நாகூம் ஸ்டோ மேடையிலிருந்து. "சீட்டெல்லாம் பறக்கும். யாபேஸ், அந்தக் கதவச் சாத்து."

யாபேஸ் பெரியவரைப் பார்த்தான். "கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா?"

"மாட்டேன்," என்றார் சாதோக். "சீட்டு மேல கல்லு வச்சு எண்ணச் சொல்லு. எண்ணுறது எனக்கு இங்கேர்ந்து கேக்கணும்."