எங்கள் வீட்டைத் தாண்டிப் போன அட்டை

ஷிராய்ஷி அம்மாள் எங்கள் வாசலைக் கடக்கும்போது மட்டும் நடையை எட்டிப் போடுவார். அதை முதலில் கவனித்தது ஜூன் மழையில். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது பக்கத்தில் இருக்கும் தன் வீட்டிலிருந்து கையில் ஒரு பையோடு வந்தார். பைக்குள் நீல அட்டை ஒன்று, அதில் தாள்கள் செருகியிருந்தன. என்னைப் பார்த்ததும் தலையைத் தாழ்த்தி வணங்கினார். அப்படியே எங்களைத் தாண்டிப் போய், இடது பக்கத்து வீட்டுக் கதவின் கைப்பிடியில் பையை மாட்டிவிட்டு வந்த வழியே திரும்பினார்.

இடது பக்கத்து வீட்டுக்காரர் ஓக்குபோ. எங்கள் சந்தின் பத்து வீட்டுக்கும் அவர்தான் தலைவர். எழுபது வயதிருக்கும். மறுநாள் அதே பையை அவர் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கிருந்து அடுத்தது. பத்து நாளுக்கு ஒருமுறை இப்படி எல்லா வீட்டுக் கதவிலும் தொங்கியது, எங்கள் கதவைத் தவிர.

நாங்கள் நியூசிலாந்திலிருந்து இமாபாரி என்ற இந்தத் துறைமுக ஊருக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. என் கணவர் டங்கனுக்குக் கப்பல் கட்டும் தளத்தில் வேலை. வந்த அன்றே முறைப்படி எல்லா வீட்டுக்கும் போய்த் துண்டு கொடுத்து வணங்கிவிட்டு வந்தோம். ஊரே துண்டு நெய்கிற ஊர் என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. அப்படியும் எல்லோரும் சிரித்த முகமாகத்தான் வாங்கிக்கொண்டார்கள். ஏப்ரல் பாதியில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. வணக்கம் மட்டும் மிச்சம். குப்பை போடும் இடத்தில் நான் போய் நின்றால் பேச்சு சட்டென்று வானிலைக்குத் தாவும்.

எனக்குச் சந்தேகம் வந்தால் லேசில் போகாது. அட்டையில் ஒவ்வொரு வீட்டாரும் கையெழுத்துக்குப் பதில் சிவப்பு முத்திரை வைத்ததைத் தூரத்திலிருந்து பார்த்திருந்தேன். எங்களை மட்டும் விட்டுவிட்டு ஒன்பது வீடு முத்திரை வைக்கிற தாளில் வேறென்ன இருக்கும்? எங்களைக் கிளப்பச் சொல்லி, எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டவருக்கு மனு எழுதுகிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

டங்கனிடம் சொன்னால் சிரித்தார். அவருக்கு இந்த ஊர் பிடித்துவிட்டது. இன்னும் இரண்டு வருடம் இருக்கிறீர்களா என்று கம்பெனி கேட்டிருந்தது. செப்டம்பர் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். நம்மை வேண்டாம் என்கிற தெருவில் இரண்டு வருடம் என்ன, இரண்டு மாதம்கூட என்னால் இருக்க முடியாது என்றேன். அவர் தட்டைத் தள்ளிவைத்தார்.

"ஒரே ஒரு ஆதாரம் காட்டு பிலிப்பா. மறுபேச்சு பேசமாட்டேன், ஊருக்குக் கிளம்பிடலாம்."

முகத்தில் சிரிப்பில்லை. எனக்காக அந்த வேலையை விட்டுவிடுவார் என்று தெரிந்தது. மறுநாள் ஃப்ரிட்ஜில் தொங்கும் கடைப் பட்டியலில் பால், முட்டைக்குக் கீழே 'பெட்டி ஒட்டும் டேப்' என்று எழுதி, வாங்கியும் வைத்தேன்.

செப்டம்பர் இருபத்தாறு காலை ஷிராய்ஷி அம்மாள் சைக்கிளில் கடைக்குக் கிளம்பினார். அவர் கதவில் அந்தப் பை தொங்கியது. இருபுறமும் பார்த்தேன், தெருவில் யாருமில்லை. ஐம்பத்து மூன்று வயதில் முதல் திருட்டு. பையைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவந்து, அட்டையை மேசைமேல் வைத்து, போனில் படம் பிடித்து மொழிபெயர்க்கச் சொன்னேன்.

குடிநீர்த் தொட்டி கழுவுகிறார்கள், புதன்கிழமை தண்ணீர் வராது. காகம் குப்பையைக் கிளறுகிறது, வலையைச் சரியாக மூடவும். திருவிழாவுக்குப் பல்லக்குத் தூக்க ஆள் தேவை. அவ்வளவுதான். எங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் மேலே பத்துக் கட்டம் இருந்தது. ஒன்பதில் வீட்டுக்காரர்களின் பெயர். பத்தாவதில் எங்கள் பெயர், அதன்மேல் அளவுகோல் வைத்து இழுத்த குறுக்குக் கோடு. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஆதாரம் கிடைத்துவிட்டது.

அப்போது வாசலில் குரல் கேட்டது. ஷிராய்ஷி அம்மாள் பணப்பையை மறந்து திரும்பியிருக்கிறார். கதவில் பை இல்லாததைப் பார்த்திருக்கிறார். அவசரத்தில் என் கதவை நான் சாத்தவில்லை. கையும் களவுமாக அகப்பட்டேன். ஆனால் அவர் மேசையைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் ஃப்ரிட்ஜைப் பார்த்தார். அதில் என் கடைப் பட்டியல் ஒரு பச்சை அட்டையில் தொங்கியது.

"அது... அதை இங்கயேதான் வச்சிருந்தீங்களா?" என்றார்.

குடிவந்த மூன்றாம் நாள் எங்கள் கதவில் ஒரு பையில் தொங்கிய அட்டை அது. புதிதாக வந்தவர்களுக்கு நகராட்சி கொடுக்கிற அன்பளிப்பு என்று எடுத்துக்கொண்டேன். உள்ளே ஒரு கட்டுத் தாள், பின்பக்கமெல்லாம் வெள்ளை. வருடம் முழுக்கப் பட்டியல் எழுத ஆயிற்று என்று மகிழ்ந்தேன். படித்து முத்திரை வைத்து அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இந்த ஊரில் அதைச் சொல்லவேண்டிய ஆளையே அவர்கள் அதுவரை பார்த்ததில்லை.

ஷிராய்ஷி அம்மாள் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மேல் தாளைத் திருப்பினார். நின்றபடியே படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க இதைப் படிக்கவே இல்லையா?"

"உங்க மொழி கொஞ்சம் பேசத்தான் வரும், படிக்கத் தெரியாதுங்க."

ஏப்ரல் இரண்டாம் ஞாயிறு, எங்களை வரவேற்கத் தெருக் கூடத்தில் மதியச் சாப்பாடு. அதற்கான அழைப்பு அது. மரியாதைக்காக முதல் முத்திரை எங்களுடையதாக இருக்கட்டும் என்று ஓக்குபோ நேரே எங்கள் கதவில் மாட்டியிருக்கிறார். நாங்கள் ஒப்புக்கொண்டு அனுப்பாமல் மற்றவர்களைக் கூப்பிட முடியாது. அட்டை திரும்பவே இல்லை. கடையில் சாப்பாட்டுக்குச் சொல்லியாகிவிட்டது. கடைசி நேரத்திலாவது வருவோம் என்று அவரும் ஷிராய்ஷி அம்மாளும் பதினொரு மணியிலிருந்து இரண்டு மணிவரை கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

"வராததே பதில்தானேம்மா. திரும்பக் கேட்டா உங்க வாயால வேண்டாம்னு சொல்ல வச்ச மாதிரி ஆயிடும். அதான் இனிமே தொந்தரவு தரக்கூடாதுன்னு புது அட்டை வாங்கி, கோடு போட்டுட்டோம்."

ஜூனிலிருந்து நான் அவர்களை வேவு பார்த்தேன். ஏப்ரலிலிருந்தே, என்னை எங்கே புண்படுத்திவிடுவோமோ என்று அவர்கள் என் வாசலில் நடையை எட்டிப் போட்டிருக்கிறார்கள்.

நீல அட்டையை அவரிடம் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். பிறகு பச்சை அட்டையில் எங்கள் கட்டத்தைத் தேடினேன். முதல் கட்டம், காலியாக இருந்தது. முத்திரை இல்லாததால் பெயரை எழுதினேன். அடுத்த வீடு எதுவென்று எனக்கு இப்போது தெரியும்.

ஓக்குபோ செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். இரண்டு கையாலும் அட்டையை நீட்டினேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். தேதியைப் பார்த்தார். தாளைத் திருப்பி என் கடைப் பட்டியலையும் பார்த்தார்.

"முட்டை," என்று விரல் வைத்து வாசித்தார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் அது. "அன்னிக்குப் பதினோரு பொட்டி சோறு. பாறை மீனு போட்டது. நானும் அந்தம்மாவும் நாலு நாள் அதையேதான் தின்னோம்."

நான் குனிந்து வணங்கினேன். உள்ளே போனார். நேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது அவர் கட்டத்தில் சிவப்பு முத்திரை ஈரமாக இருந்தது. ஏப்ரல் தேதியை அடித்துவிட்டு அக்டோபர் என்று எழுதியிருந்தார்.

"தாமதமாத்தான் வந்திருக்கு," என்றார். "அடுத்த வீட்டுக்கு நீங்களே கொண்டுபோய்க் குடுத்துடுங்க. கதவுல மாட்டவேண்டாம். மணி அடிங்க."

எட்டு வீட்டிலும் மணி அடித்தேன். அன்று மாலை டங்கன் வந்து, ஆதாரம் ஏதாவது கிடைத்ததா என்று கேட்டார்.

கிடைத்தது என்று சொல்லி, பெட்டி ஒட்ட வாங்கிய டேப்பை அவர் கையில் கொடுத்து, கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னேன்.