சுண்ணாம்புக்கு அடியில் ஒரு கை

பழைய பாறை ஓவியங்களை ஆராயும் பாண்டுரங்கன் மெட்ராஸிலிருந்து இரண்டாம் முறையாக வந்து இறங்கியபோது தனகோட்டி அவர் கண்ணில் படாமல் இருக்கப் பார்த்தான். சிங்கவரம் பக்கத்துக் குன்றில், பாறைக் குடைவுக்குள் இருந்த சிவப்பு ஓவியங்களைப் போன வருஷம் அவருக்குக் காட்டியதே தனகோட்டிதான். மான்கள், வேட்டைக்காரர்கள், அவற்றுக்கு மேலே ஒரு குழந்தையின் உள்ளங்கை அச்சு. அத்தனை உயரத்தில் இருப்பதால், ஆதிகாலத்தில் யாரோ பிள்ளையைத் தூக்கிப் பிடித்துப் பதித்திருக்க வேண்டும் என்றார் பாண்டுரங்கன். காமிராவோடு வரும்வரை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். தனகோட்டியும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினான்.

தை மாதம் மகள் மீனம்பாளுக்கு ஜுரம் கண்டு கண் சொருகிவிட்டது. குடைவில் இருக்கும் கன்னிமாருக்கு வேண்டிக்கொண்டான், பிழைத்தாள். வேண்டுதல்படி பாறை முழுக்கச் சுண்ணாம்பு அடித்துக் காவிப்பட்டை இழுக்கப் போனான்.

"அந்தப் படத்த மட்டும் உட்டுடுய்யா. அவரு சொல்லிட்டுப் போனாரில்ல" என்றாள் மனைவி ராஜாம்பாள்.

பாதி வேண்டுதலுக்கு ஜுரம் திரும்பிவிடுமோ என்று அவனுக்குப் பயம். அவள் வாயை அடைத்துவிட்டு எல்லாவற்றையும் பூசினான். பிறகு மகளைத் தூக்கி, பழைய கை இருந்த இடத்திலேயே அவள் கையைக் காவியில் தோய்த்துப் பதிய வைத்தான். அன்றைக்கு அது அவனுக்கு ரொம்பப் பொருத்தமாகப் பட்டது.

இப்போது அந்த வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்ற பாண்டுரங்கன் காமிராவைத் தோளிலிருந்து இறக்கினார். யார் செய்தது என்று கேட்டார்.

"யாரோ வெளியூர்க்காரங்க சார். நான் இல்லாதப்ப அடிச்சிட்டுப் போய்ட்டாங்க."

நீ என்னப்பா செய்வாய் என்று அவர் அவன் தோளைத் தட்டினார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. இப்படி நம்பித் தொலைத்தாரே என்று தனகோட்டிக்கு உடம்பெல்லாம் கூசியது.

அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்திருந்த மீனம்பாள் பின்னால் நின்றாள். பாண்டுரங்கன் சுவரில் இருந்த சின்னக் கையைப் பார்த்து, இது யார் பிள்ளையோ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மீனம்பாள் சொம்பைக் கீழே வைத்தாள். எம்பிப் பார்த்தாள், எட்டவில்லை.

"தூக்கு நைனா, காட்டலாம்."

அது உன் கை இல்லை என்று சொன்னால் பிள்ளையையும் பொய்க்காரி ஆக்க வேண்டும். தனகோட்டி குனிந்து அவளைத் தூக்கினான். கை அச்சாகப் பொருந்தியது. பாண்டுரங்கன் அந்தக் கையைப் பார்க்கவில்லை. தூக்கிப் பிடித்திருந்தவனைத்தான் பார்த்தார்.