பத்து வரிக்கு மேல் வேண்டாம்

குளிர்பதனக் கிடங்கில் ஆள் செத்துப்போன இருபதாம் நாள்தான் கெர்னல்காரிக்குத் தன் தப்பு கண்ணில் பட்டது. அலுவலகத்தில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கணினிக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிற கெர்னல் என்ற பகுதியைத் தொடும் துணிச்சல் அங்கே அவளுக்கு மட்டும்தான். கணினியின் அடிமடியிலேயே கை வைக்கிற வேலை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

கிடங்கில் பத்து அறை, அறைக்கு ஒரு சென்சார். குளிரூட்டுகிற நச்சுவாயுவான அம்மோனியா கசிந்தால் சென்சார் கெர்னலிடம் சொல்லும். கெர்னல் கண்ட்ரோல் ரூம் திரையில் ஒரு வரி எழுதும். அந்த வரியைப் பார்த்துத்தான் சைரன் ஊதும். மூன்றாம் அறைச் சென்சாருக்குள் தண்ணீர் புகுந்து, கசிவே இல்லாமல் நொடிக்கு நூறு முறை கசிவு, கசிவு என்று அது கத்தத் தொடங்கியது. புதுச் சென்சார் வர இரண்டு மாதம் ஆகும் என்று கையை விரித்துவிட்டார்கள். அந்த அறையைப் பூட்டினார்கள், அதன் சைரனை மட்டும் நிறுத்தினார்கள். திரையை என்ன செய்வது? கண்ட்ரோல் ரூம்காரர் அவளுக்கு போன் போட்டார்.

"ஒரே வரி தலைதெறிக்க ஓடுதும்மா. மத்த ரூம் என்ன சொல்லுதுன்னு கண்ணுக்கே தெரியல. ஏதாவது பண்ணுங்களேன்."

பண்ணினாள். ஐந்து நொடிக்குப் பத்து வரிக்கு மேல் எழுதாதே, மிச்சத்தின் எண்ணிக்கையை மட்டும் சொல் என்று கெர்னலுக்கு ஒரு கட்டுப்பாடு. அரைமணி நேர வேலை. "புண்ணியமாப் போச்சும்மா" என்றார் அவர். அவளுக்கும் பெருமைதான், இல்லையென்று சொல்வானேன்.

பன்னிரண்டு நாள் கழித்து, மதியம், ஏழாம் அறைக்குப் போக வேண்டிய மெக்கானிக் வாக்கிடாக்கியில் கூப்பிட்டான். கண்ட்ரோல் ரூம்காரரின் மனைவிக்கு அவன் கூடப் பிறந்த தம்பி.

"மாமா, ஏழு எப்படி இருக்கு?"

அவர் திரையைப் பார்த்தார். எல்லாம் மூன்றாம் அறை வரிகள்.

"ஒண்ணும் இல்ல மாப்ளே, போ."

முகமூடி மாட்டாமல் போனவன் கதவுக்கு நாலடி உள்ளே விழுந்து கிடந்தான்.

ஏழாம் அறைச் சென்சாரைக் கழற்றிச் சோதித்தார்கள். கல்லுக்குண்டு மாதிரி நன்றாக இருந்தது. அப்படியானால் வரி வந்திருக்க வேண்டும். திரை வரிகளைச் சேமிக்கும் பதிவில் அது இல்லையே? சாப்பிட்ட மயக்கத்தில் சைரனை நிறுத்திவிட்டுத் தூங்கிவிட்டார், பார்க்காமலே போகச் சொன்னார், பிறகு பயந்து வரியை அழித்துவிட்டார் என்று கிடங்கு நிர்வாகம் முடிவு கட்டியது. வரவே இல்லை என்று அவர் தலைப்பாடாய் அடித்துக்கொண்டார். யார் கேட்டார்கள்? நாளை விசாரணை. ஜெயில் நிச்சயம் என்றுதான் பேச்சு.

இன்று அந்தப் பதிவை வரிவரியாகப் படித்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. ஒவ்வொரு சென்சாருக்கும் தனிக்கணக்கு என்று அவள் நினைத்திருந்தாள். ஆனால் வரி எழுதும் கட்டளை ஒன்றே ஒன்று, ஆகவே கணக்கும் ஒன்று, பத்து அறைக்கும் பொது. பத்து வரிகளின் இடத்தையும் ஒவ்வொரு முறையும் மூன்றாம் அறையே முந்திப் பிடித்துக்கொண்டது. ஏழாம் அறை கத்தக் கத்த, கெர்னல் அதன் வாயைப் பொத்தி மிச்சத்தில் சேர்த்துவிட்டது. வரி இல்லாததால் சைரனும் ஊதவில்லை. பொத்தியது கெர்னல்தான், பொத்தச் சொன்னது அவள்.

தன் மேலாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் கதவைச் சாத்தினார். "இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும். இதைப் படிச்சுப் புரிஞ்சுக்க வேற ஆளே கிடையாது."

உண்மைதான். அதனால்தான் அவளால் அங்கே உட்கார முடியவில்லை. நேரே கண்ட்ரோல் ரூம்காரர் வீட்டுக்குப் போனாள்.

மனைவி கதவைத் திறந்து, "உள்ள இருக்காரு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். புருஷனோடு அவள் பேசி இருபது நாள் ஆகிறது. அவர் நாற்காலியில் சவரம் செய்யாத முகத்தோடு இருந்தார்.

"அண்ணே, நீங்க தூங்கல. ஏழாம் ரூம் சொல்லியிருக்கு. நான் போட்ட கட்டுப்பாடு அதை முழுங்கிடுச்சு. நாளைக்கு விசாரணையில சொல்லப்போறேன்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நெசமாவா? நான் தூங்கலையா? எல்லாரும் சொல்லிச் சொல்லி, தூங்கித்தான் இருப்பேன்னு நானே எழுதிக் குடுத்துட்டேனேம்மா."

மனைவி கிட்டே வந்தாள். "அவன் உள்ள போறதுக்கு முன்னாடி, ஏழுலேர்ந்து எத்தனை தடவை வந்துச்சு?"

அவன் போவதற்கு முந்தின கால்மணி நேரத்தில் கெர்னல் எழுதாமல் விட்டவை எண்பத்தெட்டாயிரத்துச் சொச்சம். எது மூன்று, எது ஏழு என்று இனி எவராலும் பிரிக்க முடியாது.

"தெரியலக்கா. எல்லாத்தையும் ஒண்ணாத்தான் எண்ணியிருக்கு."

"திரையில ஒண்ணு வந்திருந்தாப் போதுமே" என்றாள் அவள். பிறகு போய்ப் புருஷன் காலடியில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் கெர்னல்காரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.