புளியில் ஊறிய வீரர்கள்

கண்ணாடிப் போத்தலில் ஊற்றிய அசிற்றோனுக்குள் இருபத்தாறு வீரர்கள் கிடந்தார்கள். பழைய பச்சைப் பெயின்றும் சிவப்புப் பெயின்றும் தோலாக உரிந்து மிதந்தன. ஷிப்லி ஒவ்வொன்றாக எடுத்துப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்தார். எல்லாம் விரல் உயர உலோகப் பொம்மைகள்தான். வாள் பிடித்த குள்ளர்கள், சிறகுள்ள குதிரை, கோலோடு கையும் உடைந்த மந்திரவாதி. முன்பு அவர் வேலை செய்த அறுகம்பே விடுதியில் தங்கிய வெள்ளைக்காரர் ஒருவர், ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனவை. முப்பது வருடத்துக்கு முந்திய வார்ப்பு, ஈயம் கலந்தது. அச்சு இணைந்த இடத்தில் ஓடும் மெல்லிய வரம்பை அராவும்போது தூள் பறக்காமல் நனைத்து அராவச் சொன்னது நான். நான் படித்த இரசாயனவியல் கல்யாணத்துக்குப் பிறகு உதவிய முதல் இடம் அது. நாங்கள் இருவரும் நீளமாகக் கதைத்த முதல் விஷயமும் அதுதான்.

எனக்கும் அவருக்கும் நிக்காஹ் முடிந்து நான்கு மாதம். எங்கள் பக்கத்து வழக்கப்படி அவர்தான் கல்முனையில் எங்கள் வீட்டோடு வாழ வந்திருந்தார். உம்மா அவரோடு நேரே கதைப்பதில்லை. கதவுச்சீலைக்குப் பின்னால் நின்று என்னிடம் சொல்லுவா. அவருக்குக் கேட்கும்.

அன்றும் சீலை அசைந்தது.

"ஹிமாயா, உருவம் இரிக்கிற ஊட்டுக்கு மலக்குமார் வரமாட்டாங்க எண்டு மாப்பிளைக்குத் தெரியாமலா இரிக்கும்?"

வானவர்கள் வராத வீடு என்றதும் அவர் பிரஷைக் கீழே வைத்தார்.

"உம்மாக்கிட்ட செல்லு. நாளைக்கு அக்கரைப்பற்றுக்கு, எங்கட ஊட்ட கொண்டு வெச்சிர்ரன்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வீரர்கள் அங்கே போனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவரும் அங்கே போவார். இங்கே சாப்பிடவும் உறங்கவும் வருகிற விருந்தாளியாகிவிடுவார். போகவேண்டாம் என்று சொல்ல நினைத்தேன்.

மறுநாள் காலை, பத்து மணி பஸ்ஸில் போட்டுக்கொண்டு போக அவர் சேட்டை அயன் பண்ணிக்கொண்டிருந்தார். நான் கிணற்றடிக்குப் போனேன். ஒரு பழைய பேசினில், பித்தளை வெற்றிலை வட்டாவோடு சேர்த்து அத்தனை வீரர்களையும் பழம்புளியில் ஊறவைத்துத் தேங்காய்த் தும்பால் தேய்த்துக்கொண்டிருந்தா உம்மா.

"என்ன உம்மா இது!"

"கறுத்துப்போய்க் கிடக்குகா. இப்பிடியே போனா சம்மந்திக்காரி என்ன நினைப்பா? மாப்பிளைட சாமானத் துலக்கிக்கூடக் குடுக்கல்ல எண்டுதானே கதைப்பா."

"அது ஈயம் உம்மா! புளி பட்டாக் கரையும், நஞ்சு. முதல்ல கையக் கழுவுங்க!"

என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. அரைவாசி அயன் பண்ணிய சேட்டோடு அவர் ஓடி வந்தார். உம்மா முக்காட்டை இழுத்துவிட்டா. கிணற்றடியில் ஒதுங்க ஒரு சீலை இல்லை. அவர் குந்தியிருந்து, ஒரு குள்ளனை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். வாளின் கூர் மங்கியிருந்தது. அவர் இரண்டு கிழமை தேய்த்த வேலை. நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"பறவாயில்ல மாமி," என்றார். "மேல் சொரசொரப்பா இரிந்தாத்தான் பெயின்ற் நல்லாப் பிடிக்கும்."

அது பாதி உண்மை. மற்றப் பாதியை உம்மாவுக்காகச் சேர்த்திருந்தார்.

பேசினில் கிடந்த மந்திரவாதியைப் பார்த்தபடியே உம்மா கேட்டா.

"இந்தக் கிழவன்ட கை எங்க, மகன்? அல்லாவே, நான் ஒடைக்கல்ல."

"அது முந்தியே ஒடைஞ்சது மாமி. ஓட்டை போட்டுக் கம்பி வெச்சி ஒட்டணும்."

உம்மா கொஞ்சம் யோசித்தா. "உருவமாகாம இரிக்க, கண் மட்டும் வரையாதீங்க."

அவர் சிரித்துவிட்டார். "அதுதான் எனக்கு வரவே வராது மாமி. எப்பயும் மாறுகண்ணாத்தான் விழும்."

உம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டா. தோள் குலுங்கியது.

புளிப்பை முறிக்க நான் அப்பச்சோடா கரைத்துக் கொண்டுவந்தேன். மூன்று பேரும் கழுவினோம். பத்து மணி பஸ்ஸைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. கிழிந்த சாக்கொன்றை விரித்து வீரர்களை வெயிலில் பரப்பினோம். மதிலில் ஒரு காகம் வந்திருந்து, தலையைச் சாய்த்து அவற்றைப் பார்த்தது. உம்மா காகம் விரட்ட ஒரு ஈர்க்கிலை முறித்தெடுத்துக்கொண்டு சாக்கின் ஓரத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்தா.