வாடை வராத லோரி

மோகனாவின் சடையை மூன்றாவது முறையாக அவிழ்த்துவிட்டுக் குணாளன் மறுபடி பின்னத் தொடங்கியபோது, கீழ்வீட்டுக் கோகுலன் அப்பப் பொட்டலத்தோடு உள்ளே வந்தான்.

“பசியாறியாச்சாக்கா?”

“எங்க? இவரு மொதல்ல சடைய முடிக்கட்டும். ஆட்டைக் கட்டுற கயிறு மாதிரி திரிச்சு வெச்சிருக்காரு லா.”

குணாளன் சீப்பை எடுத்துக்கொண்டார். பள்ளிக்கூட அலுவலகத்தில் கிராணியாகக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர் அவர். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் பேசும் வேலையை மோகனாவிடமே விட்டுவிட்டவர். அவளுடைய சிறுநீரகங்கள் போய், இப்போது இதயமும் தளர்ந்து, “வீட்டுல வெச்சு சந்தோஷமா பாத்துக்குங்க” என்று டாக்டர் அனுப்பிப் பதினோரு நாளாகியிருந்தது. தண்ணீரை இனி அளந்து கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். குணாளன் இன்னும் அளந்துதான் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் இருபத்தாறு வருடம் வால்வு சோதித்தவள் மோகனா. டேங்கர் லோரிகளின் உச்சியில் இருக்கும் சேஃப்டி வால்வைக் கழற்றி அங்கே கொண்டுவருவார்கள். எந்த அழுத்தத்தில் திறக்கிறது, திறந்தது ஒழுங்காக மூடிக்கொள்கிறதா என்று பார்த்து, தேதி போட்ட தகட்டைக் கட்டி அனுப்புவாள். மயிரிழை பிசகினாலும் கையெழுத்து விழாது. டிரைவர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் அவளை ‘டத்தின்’, பட்டம் வாங்கிய சீமாட்டி, என்பார்கள். அது தெரிந்து அவளும் ஒருநாள் தலையில் பூ வைத்துக்கொண்டு, டத்தின் மாதிரியே நடந்து காட்டினாளாம்.

கோகுலன் சிம்பாங் அம்பாட்டில் ஒரு சின்னக் கம்பெனிக்கு அம்மோனியா டேங்கர் ஓட்டுபவன். மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். அன்று அவன் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

“நல்ல சேதிக்கா. என் லோரி இப்ப வாடையே அடிக்கல. ரெண்டு மாசமா கண்ணு எரிஞ்சிச்சில்ல? லோரி நிக்கிற யார்டுக்குப் பக்கத்துத் தாமான் வீட்டுக்காரங்க எல்லாம் கம்ப்ளேன் பண்ணிட்டாங்க. போன வாரம் பாஸ் சரி பண்ணிட்டாரு. இப்ப சுத்தமா இல்ல.”

மோகனா கையிலிருந்த அப்பத்தைத் தட்டில் வைத்தாள்.

“வால்வ யாரு மாத்துனது?”

“தெரியலக்கா. நான் சாப்பிட்டு வர்றதுக்குள்ள முடிச்சிட்டாங்க.”

“டெஸ்ட் பண்ண வால்வா?”

“அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?”

“இன்னிக்கு லோடு இருக்கா?”

“பன்னண்டு மணிக்கு. சுங்கை பட்டாணி பக்கம், ரப்பர் பால் ஃபேக்டரிக்கு.”

“இஞ்சின ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி எனக்கு வீடியோ கால் பண்ணு. மேல ஏறி எனக்குக் காட்டணும்.”

“எதுக்குக்கா?”

“சும்மா. எனக்கு வேலை ஞாபகம் வந்திருச்சு.”

அவன் போனதும் கண்ணாடியைக் கேட்டாள். முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை வைக்கச் சொன்னாள். படுத்துக்கொள் என்று சொல்லக் குணாளன் வாயெடுத்தார். அவள் பார்த்த பார்வையில் தலையணை எடுக்கப் போனார்.

பத்தரைக்கு டேங்கர் உச்சியிலிருந்து அழைப்பு வந்தது. அவர் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டார்.

“ஆட்டாதீங்க. கோகுலா, காத்து உன் முதுகுப் பக்கம் வர்ற மாதிரி நில்லு. ம், அந்த மழை மூடியத் தூக்கு. மெதுவா.”

மூடி விலகியது. அடியில் வால்வு இல்லை. வால்வு இருக்க வேண்டிய துளையில் ஒரு தடித்த இரும்புத் திருகு. டேங்கின் வெள்ளை பெயிண்ட்டையே அதற்கும் அடித்திருந்தார்கள்.

“என்னக்கா இது?”

“அடைப்பு. ஒழுகுற வால்வுக்குப் புதுசு போடாம ஓட்டைய அடைச்சிட்டாங்க. வெயில்ல உள்ள இருக்கிறது பொங்கும். வால்வு திறந்து கொஞ்சம் வெளிய விட்டுட்டு மூடிக்கும். அதுக்குத்தான் அது இருக்கு.”

“இப்ப பொங்கினா எந்த வழியா வெளிய போகும்?”

“டேங்கு கிழிஞ்சாதான் வழி.”

திரையில் கோகுலனின் முகம் மட்டும் இருந்தது.

“அஞ்சு நாளா ஓட்டியிருக்கேன்க்கா. பள்ளிக்கூடம் விடுற நேரத்துல, ஜாம்ல நின்னுருக்கேன்.”

“இனிமே ஓட்ட மாட்டே இல்ல? எறங்கு. சாவிய எடுத்துக்க. யாரு கேட்டாலும் குடுக்காத.”

யாரோ கீழேயிருந்து கத்துவது கேட்டது. கோகுலன் திரும்பிப் பார்த்தான். பிறகு படம் அறுந்தது.

மோகனா உடனே ரொஸ்னாவை அழைத்தாள். ரொஸ்னா அரசாங்கத் தொழில் பாதுகாப்பு டிபார்ட்மென்ட் ஆபீசர். பட்டறைக்குச் சோதனைக்கு வரும்போதெல்லாம் மோகனாவோடு மல்லுக்கு நின்று, கடைசியில் அவளோடு உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனவள். இரண்டு பேரும் மலாயில் பேசினார்கள். கம்பெனி பெயர், லோரி நம்பர், எந்த இடத்தில் அடைப்பு, எத்தனை மணிக்குப் புறப்பாடு. மோகனாவின் குரல் ஒரு சொல்லுக்கும் மூச்சு வாங்கவில்லை. குணாளன் அவளைப் பார்த்தபடியே நின்றார். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, கிரீஸ் நாற்றத்தோடு, கதவைத் திறக்கும்போதே அன்றைய கதையைத் தொடங்கிவிடுகிற பெண் திரும்பி வந்திருந்தாள்.

பன்னிரண்டு அடித்தது. ஒரு மணியும் ஆயிற்று. கோகுலன் போனை எடுக்கவில்லை. அவள் படுக்கவும் இல்லை, சாப்பிடவும் இல்லை.

“சாவியக் குடுத்திருப்பானோ?” என்றாள். “மூணு புள்ளைங்க அவனுக்கு.”

குணாளன் அவள் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். “குடுத்திருக்க மாட்டான்” என்றார். அன்று காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

இரண்டு மணி சுமாருக்கு ரொஸ்னா கூப்பிட்டாள். மோகனா கேட்டுக்கொண்டே வந்து திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். போனைப் பிடிக்க முடியாமல் படுக்கையில் போட்டுவிட்டுச் சிரித்தாள். யார்டில் நான்கு டேங்கர்களாம், மூன்றில் அடைப்பாம். எல்லாவற்றையும் நிறுத்தி சீல் வைத்துவிட்டார்கள். ரொஸ்னாவின் ஆட்கள் போய்ச் சேரும்வரை கோகுலன் சாவியைக் கால் சப்பாத்துக்குள் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறான். பாஸ் அவன் பையைக் கொட்டி, பைக் பெட்டியை உடைத்து, குப்பைத் தொட்டியைக்கூடக் கவிழ்த்துத் தேடினாராம். இவனும் கூடச் சேர்ந்து நொண்டி நொண்டித் தேடினானாம்!

“கூடச் சேர்ந்து தேடினானாங்க!” என்று மோகனா கண்ணைத் துடைத்தாள். குணாளனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அறையில் அவர்கள் சேர்ந்து சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

“எனக்கு ஐஸ் கச்சாங் வேணும்” என்றாள். “பெருசா.”

அவர் அளவுக் குவளையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய், பாகு ஊற்றிய ஐஸ் துருவல் இரண்டு கிண்ணம் வாங்கி வந்தார். மோகனா தன்னுடையதை முடித்துவிட்டு, அவருடையதிலும் பாதியைச் சாப்பிட்டாள். சிவப்புப் பாகு ஏறிய நாக்கை அவருக்கு நீட்டிக் காட்டினாள்.

“கொஞ்சம் படுக்கிறேன். கோகுலன் வந்தா எழுப்புங்க. சாவி கதைய அவன் வாயாலயே கேக்கணும்.”

ஐந்து மணிக்குக் கோகுலன் வந்தான். வாசலிலேயே கதையைத் தொடங்கிவிட்டான். குணாளன் அவனை நிறுத்தச் சொல்லிக் கைகாட்டிவிட்டு அவளை எழுப்பப் போனார்.

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தாள். தோளைத் தொட்டார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, அவள் உதட்டோரத்தில் காய்ந்திருந்த பாகை ஈரத்துணியால் துடைத்தார்.

“சொல்லு கோகுலா” என்றார். “மொதல்லேருந்து சொல்லு.”

கதவருகே நின்றபடியே அவன் முழுவதையும் சொல்லி முடித்தான்.

மறுநாள் பிளாட்டின் கீழ்த்தளத்தில் நிற்க இடமில்லை. பட்டறையை அன்று மூடிவிட்டு எல்லாரும் வந்திருந்தார்கள். அவள் திருப்பி அனுப்பிய வால்வுகளின் டிரைவர்கள் வந்திருந்தார்கள். யாராலும் அழுகையை நீட்டிக்க முடியவில்லை. யாராவது விம்ம ஆரம்பிப்பார்கள், அதற்குள் கோகுலன் நொண்டிக்கொண்டு கடந்துபோவான், “சாவி ஆழமாப் பதிஞ்சிருச்சா?” என்று யாராவது கேட்பார்கள்.

“சாவு வீட்டுல என்ன சிரிப்பு?” என்று மோகனாவின் அத்தை அதட்டினாள். அவளுக்கும் கதையைச் சொன்னார்கள். கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கினாள்.

ரொஸ்னா சீருடையிலேயே வந்து பெட்டியருகே வெகுநேரம் நின்றாள். போகும்போது குணாளனின் கையைப் பிடித்து, “நேத்துதான் முதல் தடவையா அவங்க என்னோட சண்டை போடல” என்று மலாயில் சொன்னாள்.

“வேலை?” என்று குணாளன் கோகுலனைக் கேட்டார்.

“போச்சுண்ணே. வேற தேடணும்.” அவன் தன் மனைவி பக்கம் பார்த்தான். “அவ கோவப்படுவான்னு நெனச்சேன். காலுக்கு மருந்து போட்டுவிட்டா.”

பத்து லஞ்சாங் மயானத்தில் எல்லாம் முடிந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. குளித்த ஈர வேட்டியோடு குணாளன் வெளியே வந்தார். மரநிழலில் பட்டறை ஆட்கள் கூடியிருந்தார்கள். நடுவில் ஃபோர்மன் ஹஸ்ருல், தனக்குத் தெரிந்த தமிழில் கதை சொல்லிக்கொண்டிருந்தார். யாரோ ஒரு முதலாளி பொய்த் தகட்டோடு வால்வு கொண்டுவந்தானாம். மோகனா அவனைக் கேட் வரைக்கும் துரத்தினாளாம்.

“கையில பெரிய ஸ்பானர்!” என்றார் ஹஸ்ருல்.

“ஸ்பானர் இல்ல” என்றார் குணாளன்.

எல்லாரும் திரும்பினார்கள். அவர் பேசி அவர்களில் பலர் கேட்டதே இல்லை.

“டிபன் கேரியர். அன்னிக்கு நான்தான் கட்டிக் குடுத்தேன். நெத்திலி சம்பல். மூடி கழண்டு, அந்தாளு ஓட்டி வந்த காடியோட முன்கண்ணாடி பூரா சம்பலு.”

பெஞ்சில் இருந்தவர்கள் நெருங்கி உட்கார்ந்து அவருக்கு இடம் விட்டார்கள். அவர் உட்கார்ந்தார். வேட்டி நுனியிலிருந்து தண்ணீர் சிமெண்டுத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

“அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னா...” என்று தொடர்ந்தார்.