சத்தம் போடுகிறவர்கள் காத்திருக்கலாம்

...சத்தம் போடுகிறவனுக்கு மூச்சு இருக்கிறது, மூச்சு இருக்கிறவன் கொஞ்சம் காத்திருக்கலாம், இதைத்தானே இருபத்தாறு வருஷமாகப் புதிதாக வருகிற ஒவ்வொரு நர்ஸுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன், அப்புறம் எதற்கு இந்தப் பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், பாக்கெட்டில் சிவப்பு மஞ்சள் பச்சை அட்டைக் கட்டோடு. அவசரப் பிரிவு வாசலில் என் மேஜை. வருகிறவரை ஒரு பார்வை, மணிக்கட்டில் விரல், கையில் ஓர் அட்டை. சிவப்பு என்றால் உடனே உள்ளே, மஞ்சள் என்றால் சற்றுப் பொறு, பச்சை என்றால் பெஞ்சில் போய் உட்கார். யோசிப்பதெல்லாம் கிடையாது, யோசித்தால் வரிசை தெருவுக்குப் போய்விடும், கை தானாகவே அட்டையை எடுத்துவிடும், ஏன் என்று டாக்டர் கேட்ட பிறகுதான் காரணத்தைத் தேடுவேன். போன மாதம் விரல் நசுங்கி ஊரைக் கூட்டின ஒரு தச்சருக்குப் பச்சை கொடுத்தேன், அவர் என் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டினார். அவருக்குப் பின்னால், "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல சிஸ்டர், முதல்ல அவரைப் பாருங்க" என்று சிரித்தபடி நின்ற பெரியவருக்குச் சிவப்பு. மேல் உதட்டில் வேர்வை, நான் பார்த்தது அவ்வளவுதான். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் ஆள் இல்லை என்றார் டாக்டர். எனக்குப் பெருமை தாங்கவில்லை, வீட்டுக்குப் போய் இவரிடம் மூன்று தடவை சொன்னேன், மூன்றாவது தடவை இவர் தூங்கிவிட்டார்.

இன்றைக்குப் பதினொன்று இருபதுக்கு மகள் போன் செய்தாள். வீட்டில் அவளுக்குச் சைரன் என்று பெயர், வைத்தது அவள் அப்பா. குழாய் சொட்டினால் போன், எதிர்வீட்டுக்காரர் இவள் வாசலில் செருப்பை விட்டால் போன், எல்லாமே "அம்மா, நான் செத்தேன்" என்றுதான் ஆரம்பிக்கும், விசாரித்தால் பால் பொங்கி வழிந்திருக்கும். முப்பது வயது, கல்யாணமாகி இரண்டு வருஷம், இன்னும் அதே தொண்டை. நானும் அதே நான்தான், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ம், ம் என்பேன், ஒரு கட்டத்தில் "சரிடி, அப்புறம் பேசறேன்." ஆனால் இன்று அந்தக் குரல்... "அம்மா, வேலையா இருக்கியா" என்றாள், பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி அவ்வளவு மெதுவாக. என்னடி என்றேன். "ஒண்ணுமில்லம்மா, சும்மாதான். நீ வேலையைப் பாரு." வைத்துவிட்டாள். அவளாகவே வைத்துவிட்டாள், என் மகள் தானாகப் போனை வைத்து நான் கண்டதே இல்லை. பக்கத்து நர்ஸிடம் "மேஜையைப் பார்த்துக்கோ" என்று சொன்னது என் வாய்தான், சொல்லி முடிப்பதற்குள் கால் வாசலைத் தாண்டியிருந்தது. அவள் வாயைப் பிளந்திருப்பாள், இவருக்கு அறுவை சிகிச்சை நடந்த அன்றைக்குக்கூட நான் வேலை நேரத்தில் இடத்தைவிட்டு எழுந்தது கிடையாது. திரும்பிப் போன் செய்தேன், எடுக்கவில்லை. நிறுத்தத்தில் நின்று இன்னொரு தடவை செய்தேன், அதையும் எடுக்கவில்லை.

இந்த டிரைவர் ஏன் ஒவ்வொரு நிறுத்தத்திலும் குடித்தனம் நடத்துகிறார். மாப்பிள்ளைக்குப் போன் அடித்துக் கேட்கலாமா, வேண்டாம், அவர் பயந்துவிடுவார், பயந்தால் எனக்குத்தான் போன் செய்வார். செவ்வாய்க்கிழமை பேசினாளே, என்ன சொன்னாள்... குழாயா, இல்லை, குழாய் ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை ஏதோ நீளமாக ஆரம்பித்தாள், "அம்மா, இதை யார்கிட்ட சொல்றதுன்னே தெரியல" என்று, அதையும் கத்தித்தான் சொன்னாள், நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், வாயில் கிளிப் இருந்தது, அப்புறம் பேசறேன் என்றேன். அப்புறம் பேசவில்லை. ஒன்பது வயதில் மதில் மேலிருந்து விழுந்தபோதும் இப்படித்தான், தெருவே வந்து எட்டிப் பார்க்கும்படி கத்தினாள். அன்றைக்கு அவள் அண்ணன் லேசான காய்ச்சலோடு வாய் திறக்காமல் சுருண்டு படுத்திருந்தான், நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இவ்வளவு கத்தறாளில்ல, அவளுக்கு ஒண்ணும் இருக்காது," இவரிடம் அப்படித்தான் சொன்னேன், வேலையில் சொல்கிற அதே குரலில். மறுநாள் எக்ஸ்ரேயில் இடது கை எலும்பு முறிந்திருந்தது, டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். வீட்டில் அது இன்றைக்கும் சிரிப்புக் கதை. "எங்கம்மா எனக்குப் பச்சை அட்டை குடுத்தாங்க" என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் அவளே நடித்துக் காட்டினாள், எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள், நானும்தான் சிரித்தேன். அன்றைக்கு அவள் எவ்வளவு நேரம் கத்தினாள்? விடியும்வரையா? இல்லையே... சாப்பிட்டு முடிப்பதற்குள்ளேயே நிறுத்திவிட்டாள். தூங்கிவிட்டாள் என்றல்லவா நினைத்தேன். முறிந்த கையோடு யாருக்காவது தூக்கம் வருமா, இது எனக்குத் தெரியாதா, நான் நர்ஸ்தானே.

அவள் வீடு நான்காவது மாடி, லிஃப்ட் மேலேயே நிற்கிறது, படியேறினேன், முழங்கால் கத்தியது, அதற்குப் பச்சை. மணியை அடித்துக்கொண்டே இருந்தேன். கதவு திறந்ததும் பார்வை தானாக ஓடியது, நிறம் சரி, மூச்சு சரி, உதட்டில் வேர்வை இல்லை, நிற்கிறாள்... அடிப்பாவி, சிரிக்கிறாள். கையில் பாதி கடித்த பிஸ்கட். "முப்பத்தெட்டு நிமிஷம்மா. நான் ஒரு மணி நேரமாவது ஆகும்னு நெனச்சேன்." என்னடி ஆச்சு உனக்கு என்றேன், ஒன்றும் ஆகவில்லையாம். அப்புறம் ஏன்டி போனில் அப்படிப் பேசினே. "எப்படிப் பேசினா நீ வருவேன்னு எனக்குத் தெரியாதா? ஒன்பது வயசுலேருந்தே தெரியும்." ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது, அதற்குள் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினேன், இரண்டாவது செருப்பில் சிரிப்பு நின்றுபோயிற்று. ஒன்பது வயதிலிருந்தே தெரியும். தெரிந்திருந்தும் இத்தனை வருஷம் என்னிடம் கத்திக்கொண்டேதான் இருந்தாள், ஒரு தடவைகூட அந்த மெதுவான குரலை எடுக்கவில்லை, அப்படியானால் இன்றைக்கு ஏன் எடுத்தாள்?

தண்ணீர் கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பழையபடி ஆரம்பித்தாள், குழாய் ரிப்பேர்க்காரர் மூன்று நாளாக வருகிறேன் வருகிறேன் என்கிறாராம், எதிர்வீட்டுச் செருப்பு இப்போது இரண்டு ஜோடியாகிவிட்டதாம், சுவர் அதிர்கிற குரல், எவ்வளவு நல்ல குரல், இதை முழுதாகக் கேட்டு எத்தனை நாளாயிற்று. செவ்வாய்க்கிழமை என்னமோ சொல்ல வந்தியேடி, என்ன அது என்றேன். செருப்புப் பேச்சு பாதியில் நின்றது. "அதுவா" என்றாள். குரல் இறங்கிவிட்டது, போனில் கேட்ட அதே குரல்... இது நடிப்பா, நிஜமா, முகத்தைப் பார்த்தேன், இருபத்தாறு வருஷம் ஆயிரம் ஆயிரம் முகங்களைப் பார்த்த கண், ஒன்றும் பிடிபடவில்லை. எந்த அட்டை என்று கை சொல்லவில்லை. விரல்கள் மட்டும் எப்போதோ அவள் மணிக்கட்டுக்குப் போயிருந்தன, பதினொன்று, பன்னிரண்டு...

"எண்ணாதம்மா," என்றாள். "சும்மா பிடிச்சுக்கோ."

விரலை எடுத்துவிட்டுக் கையை முழுதாக என் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டேன். இடது கை, முறிந்து சேர்ந்த இடத்தில் இன்னும் ஒரு சின்ன மேடு இருக்கிறது. சொல்லு, அம்மாவுக்கு வேற வேலை ஒண்ணும் இல்லை என்றேன். அவள் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள், நான் கேட்டேன், உண்மையாகவே ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன், பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று...